உடம்பு நல்லா இருக்கும்போதே ஒரு நடை போயிட்டு வாங்க!

2 நிமிடத்தில் முடியும் புற்று நோய் சோதனை
ஆண், பெண், திருநங்கை, திருநம்பி - எல்லோருக்கும் உண்டு

சென்னை-

அவர் வண்ணாரப்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருப்பவர். வயது 52. காலை 5 மணிக்குக் கடை திறந்தால் இரவு 10 மணிக்குத்தான் ஷட்டர் இறங்கும். ஆஸ்பத்திரி வாசலை மிதித்துப் பல வருஷம் ஆகிறது.

மனைவிக்கு சர்க்கரை. மாதம் ஒரு முறை கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கி வருவார். அன்று ஆட்டோ கிடைக்கவில்லை. ஸ்கூட்டரில் கொண்டு வந்து இறக்கி விட்ட கணவர், பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக் கொண்டிருந்தார்.

நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, நீங்களும் வாங்க. ஒரு செக்-அப் பண்ணிடலாம்."

"எனக்கு என்னம்மா? நான் கல்லு மாதிரி இருக்கேன். இவளுக்குத்தான் மாத்திரை."

"கல்லுதான் அண்ணே, யார் இல்லைன்னது? வாயை மட்டும் கொஞ்சம் திறங்க."

சிரித்துக் கொண்டே வாயைத் திறந்தார். பாதிதான் திறந்தது.

"இன்னும் கொஞ்சம்."

"அவ்வளவுதாம்மா வரும்."

நர்ஸ் டார்ச் அடித்துப் பார்த்தார். 3 விரல் நுழைய வேண்டிய வாயில் 2 விரல்தான் நுழைந்தது. இடது கன்னத்தின் உட்புறம், சுண்ணாம்பு தடவினாற்போல் ஒரு வெள்ளைத் திட்டு.

"மாவா போடறீங்களா அண்ணே?"

அவர் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற மனைவிதான் திரும்பினார்.

"ஏங்க! விட்டுட்டேன்னு சாமி மேல சத்தியம் பண்ணீங்களே!"

6 மாத ரகசியம்

பிறகுதான் விஷயம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

6 மாதமாக அவரால் காரக் குழம்பு சாப்பிட முடியவில்லை. வாய் எரிந்தது. "உடம்பு சூடு" என்று சொல்லி மோர் சாதமாகவே தள்ளிக் கொண்டிருந்தார். கொட்டாவி விட்டால் தாடை பிடித்தது. "பல் தகராறு" என்று நினைத்துக் கொண்டார்.

வலி இல்லை. ரத்தம் இல்லை. கட்டி இல்லை. அதனால் யாரிடமும் சொல்லவும் இல்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வெள்ளைத் திட்டில் இருந்து துளி சதை எடுத்து சோதித்தார்கள். 10 நாள் அவர் தூங்கவில்லை. கல்லாவில் சில்லறையைத் தப்பும் தவறுமாக எண்ணிக் கொடுத்தார்.

ரிசல்ட் வந்தது. புற்று நோய் இல்லை. ஆனால் அதற்கு முந்தின ஸ்டேஷன்!

"இங்கேயே இறங்கிட்டீங்க. நல்ல வேளை" என்றார் டாக்டர்.

எப்.சி. பார்க்காத உடம்பு

ஓடுகிற பஸ்சுக்கு எப்.சி. உண்டு. கடைத் தராசுக்கு முத்திரை உண்டு. ஆபீஸ் கணக்குக்கு ஆடிட் உண்டு. பஸ் நின்று போன பிறகு யாரும் எப்.சி.க்குக் கொண்டு போவதில்லை. ஓடிக் கொண்டிருக்கும்போதே கொண்டு போய் காட்டுகிறார்கள்.

உடம்பு விஷயத்தில் மட்டும் நாம் தலைகீழ். நின்ற பிறகுதான் தூக்கிக் கொண்டு ஓடுகிறோம்.

நோய் வந்தவருக்குச் செய்வது ஒரு வகை சோதனை. எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு, வயதைப் பார்த்து, குறிப்பிட்ட இடைவெளியில் செய்வது இன்னொரு வகை. "ஸ்கிரீனிங்" என்று டாக்டர்கள் சொல்வது இந்த இரண்டாவது வகையைத்தான். 

எல்லாப் புற்று நோயையும் இப்படி முன்கூட்டிப் பிடிக்க முடியாது. ஆனால் நம் ஊரில் அதிகம் பேரைத் தாக்கும் 3 புற்று நோய்களைப் பிடிக்க முடியும். வாய், கருப்பை வாய், மார்பகம்.

இந்த 3-க்கும் 30 வயதில் இருந்து 65 வயது வரை, 5 ஆண்டுக்கு ஒரு முறை சோதனை என்று மத்திய அரசு 2016-ம் ஆண்டிலேயே வழிமுறை வகுத்துக் கொடுத்தது. தமிழக அரசு 2023 நவம்பரில் ஈரோடு, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, கன்னியாகுமரி ஆகிய 4 மாவட்டங்களில் வீடு வீடாக அழைத்துச் சோதிக்கும் வேலையை ஆரம்பித்தது. 18 வயது ஆன எல்லோருக்கும் வாய் சோதனை. 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு மார்பகமும் கருப்பை வாயும்.

ஏற்பாடு இருக்கிறது. ஆள்தான் வர வேண்டும்.

2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வு என்ன சொல்கிறது தெரியுமா? தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில், வாழ்நாளில் ஒரு முறையாவது கருப்பை வாய் சோதனை செய்து கொண்டவர்கள் 100-க்கு 10 பேர் கூட இல்லை. மார்பக சோதனை அதிலும் குறைவு. இந்திய அளவில் வாய் சோதனை செய்து கொண்ட ஆண்கள் 100-க்கு ஒருவர் என்ற கணக்கில்தான் இருந்தார்கள்.

சோறு வடிக்கும் நேரம்

ஒவ்வொரு சோதனையும் எப்படி இருக்கும்?

வாய் சோதனைக்கு ஒரு டார்ச், ஒரு கையுறை, ஒரு சின்னக் குச்சி போதும். உதட்டின் உள்புறம், கன்னம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடியில், அண்ணம் என்று வரிசையாகப் பார்ப்பார்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண், திறக்காத வாய். இவைதான் கவனிக்க வேண்டியவை. சிவப்புத் திட்டு வெள்ளையைவிட ஆபத்து. 2 நிமிடத்தில் வேலை முடிந்து விடும்.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் ஆரம்பித்து பல ஆண்டு இதை சோதித்துப் பார்த்தார்கள். வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தவர்கள் டாக்டர்கள் அல்ல. பயிற்சி கொடுக்கப்பட்ட சுகாதார ஊழியர்கள். 2005-ல் முடிவு வெளியானது. புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்று நோய்ச் சாவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது!

கருப்பை வாய் சோதனைக்கு வேண்டியது, ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகரில் இருக்கிற அசெட்டிக் அமிலம்தான். அதைத் தண்ணீரில் கலந்து கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுப்பார்கள். கெட்டுப் போக ஆரம்பித்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். 

இந்தச் சோதனைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது நம் திண்டுக்கல் மாவட்டம். அம்பிளிக்கை ஆஸ்பத்திரியை மையமாக வைத்து, 2000-ம் ஆண்டில் இருந்து கிராமம் கிராமமாகப் பெண்களை அழைத்தார்கள். சோதித்தவர்கள் நர்சுகள். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரே ஒரு முறைதான் சோதனை. அழைக்கப்பட்ட பெண்களிடையே கருப்பை வாய்ப் புற்று நோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது. 2007-ல் இந்த முடிவு வெளிவந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

இப்போது அதைவிடக் கூர்மையான சோதனையும் வந்திருக்கிறது. கருப்பை வாய்ப் புற்று நோய்க்கு ஏறக்குறைய எப்போதும் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். அந்த வைரஸ் இருக்கிறதா என்றே பார்த்து விடலாம். பஞ்சு சுற்றிய குச்சியால் தனி அறையில் தானே மாதிரி எடுத்துக் கொடுக்கும் முறையையும் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக் கொண்டிருக்கிறது.

மார்பக சோதனையில் பயிற்சி பெற்ற பெண் ஊழியர் கையால் தடவிப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் மேமோகிராம் படம் அல்லது ஸ்கேன். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை 20 ஆண்டு தொடர்ந்து கவனித்தது. கையால் பார்க்கும் சோதனையால் 50 வயதைத் தாண்டிய பெண்களிடையே மார்பகப் புற்று நோய்ச் சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. 50-க்குக் கீழே அந்த அளவு பலன் தெரியவில்லை.

மூன்றும் சேர்ந்து, அடுப்பில் சோறு வடிக்கிற நேரம்தான் ஆகும்.

பையன் பரீட்சை, பொண்ணு கல்யாணம்...

நேரம் கொஞ்சம்தான். ஆனால் அந்த நேரத்துக்குத்தான் நேரம் கிடைப்பதில்லை!

இன்னொருவர் கதையைக் கேளுங்கள். இவர் ஒரு அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. வயது 47. தினமும் குரோம்பேட்டையில் ரெயில் ஏறி பீச்சில் இறங்குகிறவர். 

வீட்டுக்கு வந்த சுகாதார ஊழியர் 2 முறை அழைத்தார். "பையனுக்கு பிளஸ் டூ பரீட்சை. முடியட்டும்" என்றார் முதல் முறை. "பொண்ணுக்கு வரன் பார்க்கிறோம். கல்யாணம் ஆகட்டும்" என்றார் இரண்டாவது முறை.

மூன்றாவது முறை ஊழியர் கேட்டார்:

"அக்கா, அடுத்து பேரப் பிள்ளை வரும். அதுக்கு அப்புறம் காது குத்து வரும். உங்க முறை எப்ப வரும்?"

அந்தக் கேள்விதான் அவரைக் கிளப்பியது. ஒரு சனிக்கிழமை போனார்.

கூச்சம் இருந்தது. ஆண் டாக்டர் இருப்பாரோ என்ற பயம் இருந்தது. பெண் டாக்டர்தான் இருந்தார். திரை போட்டிருந்தது. "பிரசவ ஆஸ்பத்திரியில் போன வெட்கம், இங்கே மட்டும் எதற்கு வந்தது என்று எனக்கே சிரிப்பாக இருந்தது" என்று பிறகு தோழிகளிடம் சொன்னார்.

மார்பகத்தில் ஒன்றும் இல்லை. கருப்பை வாயில் ஒரு இடம் வெள்ளையாகத் தெரிந்தது.

அவருக்கு உலகமே இருண்டது. ஆனால் டாக்டர் பதறவில்லை. "இது புற்று நோய் இல்லம்மா. அப்படியே விட்டால் 10, 15 வருஷம் கழித்து ஆகலாம். விடப் போவதில்லை" என்றார். அந்த இடத்தை சூடு வைத்து அகற்றினார்கள். மயக்க ஊசி இல்லை. படுக்கை இல்லை. சில நிமிடத்தில் முடிந்தது.

திங்கட்கிழமை வழக்கம்போல் அதே ரெயில்.

சீட்டு ஒன்று, உடம்பு ஒன்று

மூன்றாவது மனிதருடைய சிக்கல் வேறு.

வயது 38. ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் வேலை. மீசை, தாடி, கரகரத்த குரல். பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்கிறவர். திருநம்பி. பல ஆண்டாக ஆண் ஹார்மோன் ஊசி போட்டுக் கொள்கிறார். ஆனால் கருப்பை அகற்றப்படவில்லை.

அவருடைய அம்மா கருப்பை வாய்ப் புற்று நோயில் இறந்தவர். அதனால் அவருக்குப் பயம். ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

ஓ.பி. சீட்டில் "ஆண்" என்று போட்டார்கள். ஆண்கள் வரிசையில் நின்றார். கவுண்டரில் கேட்டார்கள், "எதுக்கு வந்தீங்க?" சொன்னார். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "அது லேடீஸுக்குப்பா. போ, போ" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

திரும்பி வந்து விட்டார். 2 ஆண்டு அந்தப் பக்கமே போகவில்லை.

இந்த இடத்தில்தான் எல்லோரும் புரிந்து கொள்ள வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. புற்று நோய் சீட்டைப் படித்து விட்டு வருவது இல்லை. உறுப்பு இருந்தால் வரும். கருப்பை வாய் இருந்தால், அவர் தாடி வைத்திருந்தாலும் சோதனை வேண்டும். அறுவை சிகிச்சையில் அது முழுவதும் அகற்றப்பட்டு, அதற்கு முன் அங்கே கோளாறு எதுவும் இல்லை என்றால், பொதுவாக வேண்டியது இல்லை. 

திருநம்பி மார்பை அறுவை செய்து தட்டையாக்கி இருந்தாலும் கொஞ்சம் திசு மிச்சம் இருக்கலாம். கட்டி தட்டுப்பட்டால் காட்ட வேண்டும்.

திருநங்கைகள் பெண் ஹார்மோன் எடுக்கும்போது மார்பகம் வளர்கிறது. ஆண்களைவிட அவர்களுக்கு மார்பகப் புற்று நோய் வாய்ப்பு அதிகம். மற்றப் பெண்களைவிடக் குறைவு. நெதர்லாந்தில் நடந்த ஆய்வு 2019-ல் இதைக் காட்டியது. 50 வயதைத் தாண்டி, 5 ஆண்டுக்கு மேல் ஹார்மோன் எடுத்தவர்கள் டாக்டரைக் கேட்டு மேமோகிராம் பார்த்துக் கொள்வது நல்லது. பெண்ணாக மாறும் அறுவை சிகிச்சையிலும் புராஸ்டேட் சுரப்பி உள்ளேயேதான் இருக்கிறது. சிறுநீர்த் தொந்தரவு என்றால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

வாய்? அது எல்லோருக்கும் ஒன்றுதான்!

அந்தத் திருநம்பிக்கு என்ன ஆயிற்று?

தோழர் ஒருவர் வேறொரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே இருந்த நர்ஸ் பெயரைச் சத்தம் போட்டுக் கூப்பிடவில்லை. டோக்கன் நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டார். கூட்டம் குறைந்த நேரத்தில் உள்ளே அழைத்தார்.

"வாங்க தம்பி. ஊசி போடறதால உள்ளே வறட்சி இருக்கும். வலிச்சா உடனே சொல்லுங்க, நிறுத்திடுவேன்."

சின்னக் கருவிதான் போட்டார்கள். 5 நிமிடம் ஆனது. ரிசல்ட், ஒன்றும் இல்லை. 5 ஆண்டு கழித்து வரச் சொன்னார்கள்.

"தம்பின்னு கூப்பிட்டாங்க. அதுக்காகவே அடுத்த தடவையும் போவேன்" என்கிறார் அவர்.

"நான் ஆம்பள" 

பெண்களாவது கூப்பிட்டால் என்றைக்காவது வருகிறார்கள். திருநங்கைகளும் திருநம்பிகளும் துரத்தாமல் இருந்தால் வருகிறார்கள். கூப்பிட்டாலும் வராதவர்கள் ஆண்கள்தான்!

சென்னை ஆண்களிடையே முன்னணியில் நிற்கும் புற்று நோய்களில் ஒன்று வாய்ப் புற்று நோய். புகையிலை, குட்கா, மாவா, பாக்கு, பீடி, சிகரெட், சாராயம். இவைதான் காரணம். இதில் புகையிலையும் மதுவும் சேர்ந்தால் ஆபத்து கூடுவதில்லை, பெருகுகிறது. புகையிலை இல்லாத வெறும் பாக்கு கூட வாயைக் கெடுக்கும். வாய் திறக்க முடியாமல் இறுகுவது பாக்கின் வேலை.

வெற்றிலையோடு புகையிலை போடும் பாட்டிமார்களும் இந்தக் கணக்கில் சேர்த்திதான்.

மார்பகப் புற்று நோய் பெண்களுக்கு மட்டும் என்று நினைப்பதும் தவறு. மார்பகப் புற்று நோய் வருகிறவர்களில் 100-க்கு ஒருவர் ஆண். ஆண்களுக்கு இதற்கு வழக்கமான சோதனை கிடையாது. ஆனால் மார்புக் காம்பு அருகே கட்டி தெரிந்தால், "கொழுப்புக் கட்டி" என்று தானே தீர்ப்பு எழுதிக் கொள்ளக் கூடாது.

பார்க்கிற எல்லாம் பார்க்கக் கூடாது

இதற்கு நேர் எதிர்க் கட்சியும் உண்டு. தள்ளுபடி விலையில் "முழு உடல் பரிசோதனை" என்று விளம்பரம் பார்த்ததும், ரத்தத்தில் புற்று நோயைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட் எல்லாவற்றையும் எடுத்து விடுகிறவர்கள்.

அதுவும் சரியில்லை. தேவையில்லாத சோதனை தேவையில்லாத பயத்தையும் தேவையில்லாத கத்தியையும் கொண்டு வரும். தென் கொரியாவில் கழுத்தை ஸ்கேன் எடுக்கும் பழக்கம் பரவியது. 1993-க்கும் 2011-க்கும் இடையே தைராய்டு புற்று நோய் என்று சொல்லப்பட்டவர்கள் 15 மடங்கு ஆனார்கள். ஆனால் அந்த நோயால் சாகிறவர்கள் எண்ணிக்கை மாறவே இல்லை! ஒன்றும் செய்யாமல் தூங்கிக் கிடந்த கட்டிகளுக்காக ஆயிரக்கணக்கானோர் கழுத்தை அறுத்துக் கொண்டதுதான் மிச்சம்.

புராஸ்டேட் புற்று நோய்க்கான பி.எஸ்.ஏ. ரத்த சோதனையும் எல்லா ஆண்களுக்கும் கண்ணை மூடிக் கொண்டு செய்ய வேண்டியது இல்லை. வயதையும் குடும்ப வரலாற்றையும் சொல்லி, டாக்டரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். பல ஆண்டு புகை பிடித்தவருக்கு நுரையீரல் ஸ்கேன், பெருங்குடல் புற்று நோய்க்கு மலச் சோதனை எல்லாம் வெளிநாடுகளில் வழக்கத்தில் உள்ளன. குடும்பத்தில் யாருக்காவது வந்திருந்தால் இங்கேயும் டாக்டரிடம் கேட்பது நல்லது.

பாதி வழியில் இறங்காதீர்கள்

சோதனையில் "சந்தேகம்" என்று வந்தால் புற்று நோய் என்று அர்த்தம் இல்லை. அடுத்த சோதனை வேண்டும் என்று அர்த்தம். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் இருக்காது.

ஆனால் இங்கேதான் பலர் காணாமல் போகிறார்கள். முதல் சோதனைக்கு வந்தவர், பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்ததும் சீட்டை மடித்து பீரோவில் வைத்து விடுகிறார். போன் செய்தால் எடுப்பது இல்லை. "தெரிந்து என்ன ஆகப் போகிறது?" என்கிறார்.

தெரிந்தால் ஆகும். ஆரம்பத்தில் தெரிந்தால், சின்ன சிகிச்சை, சில நாள் லீவு. முற்றிய பிறகு தெரிந்தால், அறுவை, கதிர், மருந்து என்று மாதக்கணக்கு. வீடு, நகை எல்லாம் அடகுக் கடைக்கு. இரண்டும் ஒரே நோய்தான். பிடித்த ஸ்டேஷன்தான் வேறு.

சிகிச்சைக்கு முதல்-அமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரிகளில் புற்று நோய்ப் பிரிவுகள் இருக்கின்றன. அடையாறு புற்று நோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. தங்கையைப் புற்று நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முன்னின்று 1954-ல் 12 படுக்கையோடு ஆரம்பித்த இடம் அது. அடுத்த ஆண்டே அங்கே வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-ல் மறையும் வரை அதே ஆஸ்பத்திரிக்காக வாழ்ந்தார். ஆரம்பத்திலேயே வாருங்கள் என்றுதான் கடைசி வரை சொல்லிக் கொண்டிருந்தார்.

கவனியுங்கள்!

● 30 வயது ஆனவர்கள் எல்லோரும்: வாய் சோதனை. புகையிலை, பாக்கு, மது பழக்கம் இருந்தால் அதற்கு முன்பே, அடிக்கடி.

● 30 முதல் 65 வயது வரை, கருப்பை வாய் உள்ள எல்லோரும்: 5 ஆண்டுக்கு ஒரு முறை. எச்.பி.வி. தடுப்பு ஊசி போட்டவர்களும் விதிவிலக்கு அல்ல.

● 30 வயதைத் தாண்டிய பெண்கள்: மார்பக சோதனை. அம்மா, அக்கா, தங்கைக்கு வந்திருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள்.

● 2, 3 வாரம் ஆகியும் ஆறாத வாய்ப் புண், மாறாத குரல் கரகரப்பு, எங்கே என்றாலும் புதிதாகத் தட்டுப்படும் கட்டி, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம், உறவுக்குப் பிறகு ரத்தம். இவை இருந்தால் அடுத்த சோதனை வரை காத்திருக்கக் கூடாது. உடனே டாக்டர்!

● பக்கத்தில் எங்கே பார்க்கிறார்கள் என்று தெரியாவிட்டால் 104-க்கு போன் செய்து கேட்கலாம்.

இப்போது கடைக்காரர்

வண்ணாரப்பேட்டைக் கடைக்காரர் மாவாவை விட்டு விட்டார். சுலபமாக விடவில்லை. முதல் ஒரு வாரம் வாடிக்கையாளர் மேல் எல்லாம் எரிந்து விழுந்தார். மனைவி கல்லாப் பெட்டியில் ஏலக்காய் டப்பா ஒன்று வைத்தார். கை பழக்கத்தில் போகும்போது அதில் இருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கொள்கிறார்.

3 மாதத்துக்கு ஒரு முறை போய் வாயைக் காட்டுகிறார். திட்டு வெளுத்து வருகிறது. விரல் இன்னும் இரண்டரைதான் நுழைகிறது. தினமும் வாய் திறக்கும் பயிற்சி செய்யச் சொல்லி இருக்கிறார்கள். காரக் குழம்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது.

கடையில் மூட்டை தூக்கும் 26 வயதுப் பையன் ஒருவன். அவன் கன்னம் எப்போதும் ஒரு பக்கம் உப்பி இருக்கும். போன வாரம் முதலாளி அவனை ஸ்கூட்டரில் ஏற்றினார்.

"எங்க முதலாளி? லோடு வந்திருக்கா?"

"லோடு இல்லடா. சும்மா ஒரு நடை. வாயைத் திறந்து காட்டிட்டு வந்துடலாம்."

"எனக்கு என்ன முதலாளி? நான் கல்லு மாதிரி இருக்கேன்!"

முதலாளி வண்டியைக் கிளப்பினார்.

"நானும் அப்படித்தான்டா இருந்தேன். ஏறு."